கயல், சங்கு, கேடயம்

கம்பத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, கம்பம்மெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் அரசாங்கத்தின் சின்னம் மாறிவிடுகிறது. அடிவாரத்தில் கோபுரம். மேலே, இரண்டு யானைகளுக்கு நடுவே ஒரு சங்கு. ஏலக்காய் பறிக்கக் காலையில் ஜீப்பில் ஏறி வண்டன்மேட்டுப் பக்கத் தோட்டங்களுக்குப் போய், மாலையில் தேனி மாவட்டத்து ஊர்களுக்குத் திரும்புகிற தமிழ்ப் பெண்கள் இந்த இரண்டு சின்னங்களையும் தினம் இரு முறை கடக்கிறார்கள். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. எந்த அரசாங்கத்தின் நிலத்தில் நிற்கிறோம் என்று சொல்வதோடு அந்தச் சின்னங்களின் வேலை முடிந்துவிடுகிறது.

குலச்சின்னங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த எளிய வேலையை விட்டுவிட்டு அர்த்தத்துக்குத் தாவிவிடுகிறார்கள். சிங்கம் என்றால் வீரம், நீலம் என்றால் விசுவாசம், சிவப்பு என்றால் போர்க்குணம் என்று பட்டியல் போட்டுத் தருகிற புத்தகங்கள் ஐரோப்பாவில் ஏராளம். இந்தப் பட்டியல்களில் பெரும்பகுதி, சின்னங்கள் தோன்றி முந்நூறு ஆண்டுகள் கழிந்தபின், பதினைந்து பதினாறாம் நூற்றாண்டுகளில் எழுத்தாளர்கள் கட்டிச் சேர்த்தது. முதன்முதலில் கேடயத்தில் சிங்கம் தீட்டியவன் அடையாளத்தையும் உரிமையையும் நினைத்தே தீட்டினான். ‘இது யார்’ என்பது முதல் கேள்வி; ‘இது யாருடையது’ என்பது இரண்டாவது. இந்த இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஐரோப்பியக் கேடயமும் பாண்டியர் கயலும் திருவிதாங்கூர்ச் சங்கும் ஒரே பேச்சுக்குள் வந்துவிடுகின்றன.

1066இல் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரைத் துணியில் பின்னிக் காட்டும் பாயோ திரைச்சீலையில் ஒரு காட்சி உண்டு. நார்மண்டிப் பிரபு வில்லியம் செத்துவிட்டான் என்று வதந்தி பரவ, அவன் தன் தலைக்கவசத்தைத் தூக்கி முகத்தைக் காட்டுகிறான். அந்தத் திரைச்சீலையில் கேடயங்கள் உண்டு, அவற்றில் சித்திரங்களும் உண்டு. ஆனால் ஒரே ஆள் ஒரே சித்திரத்தை எப்போதும் ஏந்துவதாகவோ, அது மகனுக்குப் போவதாகவோ தெரியவில்லை. அந்த வழக்கம் அடுத்த நூற்றாண்டில் வந்தது. 1128இல் ஆஞ்சு நாட்டு ஜெஃப்ரிக்கு அவனுடைய மாமனார், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றி, பொற்சிங்கங்கள் தீட்டிய கேடயம் ஒன்றைக் கொடுத்ததாக ஒரு துறவி எழுதி வைத்திருக்கிறார். அவர் எழுதியது சம்பவத்துக்குப் பல பத்தாண்டுகள் பின்னால். எனவே அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஜெஃப்ரி இறந்தபின் லெ மான் தேவாலயத்துக்காகச் செய்த எனாமல் தகட்டில் அந்த நீலக் கேடயமும் சிங்கங்களும் இருக்கின்றன. 1226இல் இறந்த அவனுடைய பேரன் வில்லியம் லாங்கெஸ்பேயின் கல்லறை சாலிஸ்பரியில் உள்ளது. அதன் கேடயத்திலும் அதே சிங்கங்கள். தாத்தாவின் சின்னம் பேரனுக்கு இறங்கியிருக்கிறது. குலச்சின்னம் என்ற ஏற்பாடு தொடங்கியதற்கு இதைவிட உறுதியான சாட்சி கிடைப்பது கடினம்.

முகத்தை மூடும் கவசமும் போர்விளையாட்டுப் போட்டிகளும் இதை வேகமாக வளர்த்தன. களத்தில் இறங்குகிறவன் யார் என்று உரக்கச் சொல்லி, அவன் குலப்பெருமை பாடி, எந்தச் சின்னம் யாருடையது என்று ஏட்டில் குறித்து வைத்தவர்கள் கட்டியக்காரர்கள். நம் தெருக்கூத்தில் ராஜாவுக்கு முன்னால் வருகிற ஆளுக்கும் அவர்களுக்கும் தொழில் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே அவர்கள் கையில் பதிவேடும் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்பதால் நிறங்களுக்கும் விதி போட்டார்கள். பொன், வெள்ளி இரண்டும் உலோகம். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை வண்ணம். உலோகத்தின் மேல் உலோகம் கூடாது, வண்ணத்தின் மேல் வண்ணம் கூடாது. நெடுஞ்சாலைப் பலகைகளை வடிவமைக்கிறவர்கள் இன்றும் பெரும்பாலும் மீறாத விதி இது.

தமிழில் இந்தத் தேவையை முதலில் சொன்னது தொல்காப்பியம். புறத்திணையியலில், கடும்பகை மூண்ட வேந்தர்களுக்கிடையே யார் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே அவர்களுடைய படைகள் பனம்பூவையும் வேப்பம்பூவையும் ஆத்திப்பூவையும் சூடின என்று காரணத்தோடு சொல்கிறது. சேரன், பாண்டியன், சோழன். பூ எதைக் குறிக்கிறது, வேம்புக்கு என்ன தத்துவம் என்றெல்லாம் அது பேசவில்லை. அடையாளம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஐரோப்பிய அறிஞர்கள் நூறாண்டு வாதாடி வந்து சேர்ந்த இடத்தில் நம் இலக்கண ஆசிரியர் முதல் அடியிலேயே நிற்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு; மறைப்பானேன்.

அந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டையும் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் கோவூர் கிழார். உறையூரில் நெடுங்கிள்ளி அடைபட்டுக் கிடக்க, நலங்கிள்ளி முற்றுகையிட்டிருந்தான். இருவரும் சோழர். புறநானூற்றின் 45ஆம் பாட்டில் கிழார் இருவரையும் பார்த்துச் சொல்வதன் சாரம் இது: உன்னை எதிர்ப்பவன் பனம்பூச் சூடியவன் அல்லன், வேப்பம்பூச் சூடியவனும் அல்லன், உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். சமாதானத்துக்காகப் பாடிய பாட்டு. சின்னங்களை ஆராய்கிறவனுக்கு அதில் வேறொரு தகவலும் கிடைக்கிறது. நம் சின்னம் குலத்தைக் காட்டியது, ஆளைக் காட்டவில்லை. பங்காளிச் சண்டையில் அது உதவாது.

ஐரோப்பியர்கள் அந்த இடத்தில்தான் வேறு வழியில் போனார்கள். தந்தை உயிரோடு இருக்கும்போது மூத்த மகனின் கேடயத்தில் மேலே ஒரு பட்டை. இளையவர்களுக்குப் பிறையோ விண்மீனோ கூடுதலாக. ஒரே களத்தில் இரண்டு பேர் ஒரே கேடயத்தோடு நிற்கக் கூடாது. நின்றால் வழக்கு. அப்படி ஒரு வழக்கு உண்மையிலேயே நடந்தது, அதுவும் ஐந்தாண்டு. 1385இல் இரண்டாம் ரிச்சர்டு ஸ்காட்லாந்து மேல் படையெடுத்தபோது, ரிச்சர்டு ஸ்குரோப், ராபர்ட் குரோவ்னர் என்ற இருவரும் நீல நிறத்தில் சாய்ந்த பொன்பட்டை தீட்டிய கேடயத்தோடு வந்து நின்றார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பம். வீரநெறி மன்றத்தில் நூற்றுக்கணக்கான சாட்சிகள் ஏறினார்கள். 1386இல் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் கவிஞர் சாசர். லண்டனில் ஒரு தெருவில் நடந்து போகையில் சத்திரத்து வாசலில் அந்தச் சின்னம் தொங்கக் கண்டு, ஸ்குரோப் இங்கே தங்கியிருக்கிறாரா என்று கேட்டாராம். இல்லை, இது குரோவ்னருடையது என்று பதில் வந்ததாம். அப்படி ஒரு பெயரை அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை என்று முடித்தார். 1390இல் மன்னரின் தீர்ப்பு ஸ்குரோப் பக்கம். குரோவ்னர் வீடு நீலத்தில் பொன் கோதுமைக் கட்டுக்கு மாறியது. அந்த ஐந்தாண்டு வழக்கில் பொன்பட்டைக்கு என்ன பொருள் என்பதைப் பொறுத்து எதுவும் நிற்கவில்லை. எத்தனை காலமாக யார் வைத்திருக்கிறார் என்பதே பேச்சு. நிலத் தகராறில் அனுபவ பாத்தியதை பேசுவது போல.

உரிமை பேசுவதில் நம் அரசர்களும் சளைத்தவர்கள் அல்லர். முதலாம் ராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு வளையத்தில் முத்திரையைப் பாருங்கள். அமர்ந்த புலி, எதிரே இரண்டு கயல்கள், வில். மேலே வெண்கொற்றக் குடை, பக்கங்களில் சாமரம். பாண்டியனும் சேரனும் நமக்குள் அடக்கம் என்பதை ஒரு கையகல உலோகத்தில் சொல்லியாகிவிட்டது. இதே உத்தியை 1340இல் இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டு கையாண்டார். பிரெஞ்சு அரியணை தனக்கே என்று சொல்லி, தன் சிங்கங்களோடு பிரான்சின் லில்லி மலர்களைக் கேடயத்தில் சேர்த்துக்கொண்டார். பிரான்சை இழந்த பிறகும் லில்லி போகவில்லை. 1801 வரை இங்கிலாந்து மன்னர்களின் கேடயத்தில் இருந்தது. சின்னத்தில் ஏறிய உரிமைக் கோரிக்கை களத்தில் தோற்றாலும் எளிதில் இறங்காது.

கல்லிலும் இப்படித்தான். புறநானூற்றின் 58ஆம் பாட்டில் சோழனும் பாண்டியனும் அருகருகே வீற்றிருப்பதைக் கண்ட காரிக்கண்ணனார், பிறருடைய குன்றுகளில் புலியும் கயலும் சேர்ந்து பொறிக்கப்படட்டும் என்று வாழ்த்துகிறார். வாழ்த்தின் உள்ளே இருப்பது அப்பட்டமான நில ஆசை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சடையவர்மன் வீரபாண்டியன் இலங்கை மேல் படையெடுத்து, கோணமலையில் இரட்டைக் கயல் பொறித்ததைக் குடுமியான்மலைக் கல்வெட்டு சொல்கிறது. திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை வாசல் கல்லில் இன்றும் இரண்டு மீன்களைக் காணலாம். பாண்டியனுக்கு மீன் எப்படி வந்தது? முத்துக்குளிக்கும் கடல் என்பார்கள், மீனாட்சி என்பார்கள், பரதவர் உறவு என்பார்கள். சங்ககாலப் பாண்டியர் செப்புக் காசிலேயே மீன் கோடுகளாக வந்துவிடுகிறது. விளக்கங்கள் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. மீன் முந்தியது.

இனி, தொடக்கத்தில் பார்த்த ஏலக்காய்த் தோட்டங்கள் இருக்கும் ஏலமலைக்கு வருவோம். இந்த மலையின் பழைய உரிமையாளர்களாகச் சொல்லப்படும் பூஞ்ஞாறு அரச குடும்பம், தங்களை மதுரையிலிருந்து வந்த பாண்டியர் வழி என்று சொல்லிக்கொள்கிறது. பூஞ்ஞாற்றில் மீனாட்சி கோயிலும் இருக்கிறது. வண்டன்மேட்டிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாமல், கட்டப்பனை அருகே கோவில்மலையில் மன்னான் பழங்குடியின் அரசர் இருக்கிறார். மன்னான்களும் மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்ததாகவே சொல்கிறார்கள். அவர்களுடைய கூத்து கோவலன் கண்ணகி கதையைப் பாடுகிறது. அரசுரிமை தாய்வழியில், மருமகனுக்குப் போகிறது. மதுரை நினைவைத் தூக்கி வந்த இந்தக் குடிக்கு அதைச் சுமக்கக் கேடயம் தேவைப்படவில்லை. பாட்டு போதுமானதாக இருந்தது.

1877ஆம் ஆண்டு இந்தக் கதையில் இரண்டு முறை வருகிறது. அந்த ஆண்டு ஜனவரி முதல் நாள் டில்லியில் வைசிராய் லிட்டன் தர்பார் கூட்டி, விக்டோரியாவை இந்தியப் பேரரசி என்று அறிவித்தார். வந்திருந்த சமஸ்தான மன்னர்களுக்கு ஐந்தடிச் சதுரப் பட்டுக் கொடி ஒவ்வொன்று கொடுக்கப்பட்டது. அதில் ஐரோப்பியப் பாணியில் வரைந்த குலச்சின்னம். வரைந்தவர் ராபர்ட் டெய்லர் என்ற வங்காளச் சிவில் அதிகாரி. சின்னக் கலை அவருக்குப் பொழுதுபோக்கு. அந்தந்த அரச குடும்பத்தின் வம்சக் கதை, குலதெய்வம், நாட்டின் மலை, ஆறு, ஏற்கெனவே இருந்த பழைய சின்னம் என்று கிடைத்ததையெல்லாம் கேடயத்துக்குள் அடக்கினார். கொடியின் பின்பக்கத்தில் இது பேரரசி விக்டோரியா கொடுத்தது என்ற வாசகம். கனத்த பித்தளைக் கம்பங்களில் கட்டியிருந்ததால் அவற்றைத் தூக்கி நிற்பதே ஆட்களுக்குப் பாடாக இருந்தது. முன்பக்கத்தில் மன்னரின் குலப்பெருமையும் பின்பக்கத்தில் அதைக் கொடுத்தவரின் பெயரும் இருந்தால், அந்தக் கொடி உண்மையில் யாருடைய உரிமையைச் சொல்கிறது? லிட்டனுக்கு விடை தெரிந்தே இருந்தது.

ஆறு மாதம் கழித்து, அதே 1877 ஜூலை 11 அன்று, பூஞ்ஞாற்று ராஜா கண்ணன் தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்கு எழுதிக் கொடுத்தார். முன்பணம் 5,000 ரூபாய், ஆண்டுக்கு 3,000 ரூபாய். மன்றோ திருவிதாங்கூரின் ஏலமலைக் கண்காணிப்பாளராக இருந்தவர்; மலை அவருக்கு நன்றாகத் தெரியும். பூஞ்ஞாறு திருவிதாங்கூருக்குக் கட்டுப்பட்ட குடும்பம், பீரங்கி மரியாதைப் பட்டியலில் இடம் கிடையாது. டில்லியில் பட்டுக் கொடிகள் பரிமாறப்பட்ட ஆண்டிலேயே, பாண்டியர் வழி என்று சொல்லிக்கொண்ட குடும்பத்தின் மலை ஒரு பத்திரத்தில் கைமாறியது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் கதை அந்தப் பத்திரத்திலிருந்துதான் தொடங்குகிறது. அந்த நிலங்களைக் கேரள அரசு மீட்டெடுக்கச் சட்டம் கொண்டுவந்தது 1971இல்.

திருவிதாங்கூர்ச் சங்கின் கதை இதிலிருந்து வேறுபட்டது. இந்தக் கட்டுரையில் நான் அதிகம் யோசித்ததும் அதைப் பற்றித்தான். 1750இல் மார்த்தாண்டவர்மா தன் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதி வைத்தார். அதன்பின் அரசர்கள் பத்மநாபதாசர்கள். ஆட்சி தெய்வத்தின் சார்பில். வலம்புரிச் சங்கு அந்தத் தெய்வத்தின் அடையாளம். ஆக, அரசகுலத்தின் சின்னம் என்று நாம் பார்ப்பது சட்டப்படி குலத்துக்கே சொந்தமில்லை. அதோடு திருவிதாங்கூரில் மருமக்கள் தாயம். ராஜாவின் மகன் ராஜாவாக மாட்டான், சகோதரியின் மகனே ஆவான். தந்தையின் கேடயம் மகனுக்கு, மூத்தவனுக்குப் பட்டை, இளையவனுக்குப் பிறை என்ற ஐரோப்பிய ஏற்பாடு இந்த வீட்டில் ஒரு தலைமுறைகூட ஓடாது. அதனால்தானோ என்னவோ, வெளித்தோற்றத்தில் ஐரோப்பியப் பாணி வந்து ஒட்டிக்கொண்டாலும் உள்ளே இருந்தது மாறவில்லை. இருபுறமும் நிற்கும் யானைகள் கேடயத்தைத் தாங்கும் விலங்குகள் என்ற ஐரோப்பிய மரபுக்குப் பொருந்துகின்றன. கஜலட்சுமியை நிலைப்படியில் பார்த்து வளர்ந்த நமக்கு அவை வெளியூர் யானைகளாகத் தோன்றுவதேயில்லை. கொடி சிவப்பு, அதில் வெள்ளிச் சங்கு. வண்ணத்தின் மேல் உலோகம். கட்டியக்காரர்களின் விதி கச்சிதமாகப் பொருந்துகிறது, யாரும் அதைப் படித்துச் செய்திருக்க வேண்டிய தேவையில்லாமலே.

இந்தச் சங்கு ஏலமலைக்காரர்களுக்குக் கோயில் விஷயமாக வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏலக்காய் திருவிதாங்கூர் சர்க்காரின் ஏகபோகம். கம்பம், போடிப் பக்கத்துக் குடியானவர்கள் மலையேறி விளைவித்தாலும் காயைச் சர்க்காரிடம்தான் கொடுக்க வேண்டும். 1888இல் திருவிதாங்கூர் அஞ்சல் துறை முதல் தபால்தலை வெளியிட்டபோது அதில் இருந்ததும் சங்குதான். ராஜாவின் முகம் அல்ல. அதே காலத்தில் பிரிட்டிஷ் இந்தியத் தபால்தலைகளில் விக்டோரியாவின் தலை இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தபோது, தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டங்களையும் மீறி, மலை சங்கின் பக்கம் நின்றது. 1971இல் அரசியல் சட்டத் திருத்தம் மன்னர் மானியத்தையும் பட்டங்களையும் ஒழித்தது. ராஜா போனார், சங்கும் யானையும் சர்க்காரிடம் தங்கின. சின்னம் ஆளுக்குச் சொந்தமாக இருந்திருந்தால் இது இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது.

குலச்சின்னம் என்றால் பிரபுக்களின் விஷயம் என்ற எண்ணமும் சரியில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டு நார்மண்டியில் உழவர்கள்கூடச் சின்னம் பொறித்த முத்திரை வைத்திருந்தார்கள். பதினான்காம் நூற்றாண்டில் இத்தாலியச் சட்ட அறிஞர் பார்த்தோலுஸ், பெயர் வைத்துக்கொள்வது போல எவரும் சின்னம் வைத்துக்கொள்ளலாம், பிறருக்குக் குழப்பமோ கேடோ செய்யாத வரை, என்று எழுதினார். தமிழ்நாட்டில் சித்திரமேழிப் பெரியநாட்டார் தங்கள் கல்வெட்டுகளின் தலையில் ஏரைப் பொறித்தார்கள். உழுகிறவர்களின் சபை, அதற்கு ஏர். இன்னும் கீழே வந்தால், சேங்கொட்டைச் சாறு தொட்டு வண்ணார் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் இட்ட குறி. வீட்டுக்கு ஒன்று, ஒன்று போல இன்னொன்று இருக்காது, பட்டியல் வண்ணாரின் நினைவில். ஜெர்மானிய ஊர்களில் வீட்டுக்கு வீடு இருந்த குறிகளை ஆராய்ந்து தடித்தடி நூல்கள் வந்திருக்கின்றன. நம் வண்ணார் குறியைப் பற்றி அப்படி ஒரு முழு நூல் வர வேண்டும், அறிந்தவர்கள் இருக்கும்போதே.

ஏலமலை அடங்கிய இடுக்கி மாவட்டத்தில் அசல் ஐரோப்பிய விதிப்படி வாழ்கிற சின்னம், எனக்குத் தெரிந்து, ஒன்றே ஒன்றுதான். அது கத்தோலிக்க ஆயர்களுடையது. மூணாறு உட்பட மலையின் ஒரு பகுதி, 1930இல் நிறுவப்பட்ட விஜயபுரம் லத்தீன் மறைமாவட்டத்தில் அடங்கும். லத்தீன் முறையில் ஆயர் பொறுப்பேற்கும்போது தனக்கென்று ஒரு கேடயமும் விருதுவாக்கும் தேர்ந்துகொள்கிறார். மேலே பச்சைத் தொப்பி, பக்கத்துக்கு ஆறு குஞ்சங்கள். பேராயர் என்றால் பத்து, கர்தினால் என்றால் சிவப்பில் பதினைந்து. மணமாகாதவர் என்பதால் சின்னம் யாருக்கும் இறங்குவதில்லை. தந்தை வழி மகனுக்குப் போவதற்காகப் பிறந்த ஏற்பாடு, வாரிசே இல்லாதவர்களிடம் மிகக் கறாராகப் பிழைத்திருக்கிறது.

இதற்கிடையே, குடும்பப் பெயரைச் சொன்னால் அதற்கான ‘பழைய குலச்சின்னத்தை’ச் சட்டம் போட்டுத் தருகிற வியாபாரம் வெளிநாடுகளில் நெடுங்காலமாக நடக்கிறது. ஆங்கிலேய முறைப்படி அது செல்லாது. சின்னம் ஒரு மனிதருக்கும் அவர் வழியினருக்கும் உரியது, ஒரே பெயர் கொண்ட எல்லாருக்கும் அல்ல. அங்கே இதைக் கவனிக்க 1484இல் மூன்றாம் ரிச்சர்டு சாசனம் கொடுத்த கட்டியக்காரர் கழகம் இன்னும் இயங்குகிறது. இந்தியாவில் அப்படி ஓர் அலுவலகம் கிடையாது. வண்டன்மேட்டில் ஒரு குடும்பச் சங்கமோ ஓர் ஏலத்தோட்டமோ தனக்கென்று சின்னம் வரைந்து, அதை வேறு யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்தால், போகக்கூடிய இடம் வணிகக்குறிப் பதிவகம்தான். அங்கே 1999ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பதும் ஸ்குரோப் வழக்கில் கேட்ட கேள்விகளே: இதை யார் முதலில் வைத்திருந்தார், மக்கள் குழம்புவார்களா? 1950ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் சட்டம் காக்கும் அரசுச் சின்னங்களைப் பதிய அங்கே இடமில்லை. ஆகவே அரசு முத்திரையிலுள்ள யானைகளும் சங்கும் கிடைக்காது.

கேட்டால் கிடைப்பது வேறொன்று. ‘ஆலப்புழைப் பச்சை ஏலக்காய்’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, விண்ணப்பித்தது நறுமணப் பொருள் வாரியம். விளைவது பெரும்பாலும் இந்த மலையில், விற்பனை புற்றடியிலும் போடியிலும் நடக்கும் மின்னணு ஏலத்தில். பெயர் மட்டும் கீழே கடற்கரைத் துறைமுகத்தினுடையது. சர்க்கார் ஏகபோகக் காலத்தில் மலைக்காய் இறங்கி விற்பனையான இடம் அது. அந்தப் பெயரை எந்தக் குடும்பமும் எந்த முதலாளியும் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. வரையறுத்த எல்லைக்குள் விளைவிக்கிற யாரும், அரை ஏக்கர்காரரானாலும், அனுமதிபெற்ற பயனாளராகப் பதிந்துகொண்டு அதைப் பயன்படுத்தலாம்.